மண்ணே திருமேனியான அன்னையின் கரையில்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் இடையே எழுந்தருளியிருக்கிறாள் மண்டைக்காடு பகவதி அம்மன். புற்றையே திருமேனியாகக் கொண்ட அன்னை அவள். மாசிக் கொடை விழாவில் பெண்கள் இருமுடி சுமந்து வருவதால் ‘பெண்களின் சபரிமலை’ என இத்தலம் போற்றப்படுகிறது. கடலில் நீராடி அன்னையைத் தொழுவதும், தலைநோய் தீர மண்டையப்பம் நிவேதிப்பதும் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள்.

இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்கள் செறிந்த மணலுக்குப் பெயர்பெற்ற கரை இது. 2025ஆம் ஆண்டு இம்மாவட்டக் கரைகளுக்கு வேண்டாத பொருளொன்றும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மே 25 அன்று, 640 கொள்கலன்களுடன் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய, பருப்பளவேயான பிளாஸ்டிக் மணிகள் தெற்கே மிதந்து வந்து குமரிக் கரைகளில் ஒதுங்கின. மணலைச் சலித்து அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று.

கப்பல் மூழ்குவது என்றோ ஒருநாள் நிகழ்வது. பூசைப் பொருள்களைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் பைகளோ நாள்தோறும் நீர்நிலைகளைச் சேர்கின்றன. வெயிலிலும் அலையிலும் நைந்து, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்துகள்களாகின்றன. நீர், காற்று, உணவு வழியே அவை மனித உடலுக்கே திரும்புகின்றன. இந்தியக் கடலுப்பில் இத்துகள்கள் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தனர். 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் குருதியைச் சோதித்தபோது, 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன.

முதியோர் கருத வேண்டிய ஆய்வொன்று 2024இல் இத்தாலியிலிருந்து வெளிவந்தது. கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை சிகிச்சை பெற்ற 257 பேரை மருத்துவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணித்தனர். அவர்களுள் 150 பேரின் கொழுப்புப் படிவில் பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டன. துகள்கள் இருந்தோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு, இல்லாதோரைவிட நான்கரை மடங்கு மிகுந்திருந்தது. துகள்களே காரணம் என அவ்வாய்வு முடிவுகட்டவில்லை. எனினும் விழிப்புடன் இருக்க அது போதிய எச்சரிக்கையாகும்.

அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. பழைய வழக்கங்களுக்குத் திரும்பினாலே பெரும்பகுதி குறையும். சூடான பொங்கலும் பாயசமும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் படும்போது துகள்கள் எளிதில் உதிரும். வாழையிலையும் தொன்னையும் இருக்க அவை எதற்கு? தீர்த்தத்திற்குச் செம்பு, பூவுக்குப் பனையோலைப் பெட்டி, மஞ்சளுக்கும் கற்பூரத்திற்கும் துணி முடிச்சு என்பதே நாஞ்சில் நாட்டு முன்னோர் கண்ட முறை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசும் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது.

இருமுடி கட்டும் வேளையில் அருகிருந்து வழிகாட்டுவோர் வீட்டுப் பெரியோரே. உறையைப் பிரித்துவிட்டுப் பொருளை மட்டும் முடிச்சில் வைக்க இளையோருக்கு அவர்கள் சொல்லித்தந்தால், அதுவும் ஒரு வழிபாடே. மண்ணே திருமேனியாக அமர்ந்த அன்னைக்கு, மண்ணோடு மண்ணாகும் பொருள்களே உகந்த காணிக்கை.