குதிகால் உயர, வலிமை குன்றும்

நாம் நிற்பதும் நடப்பதும் படியேறுவதும் கணுக்காலின் துணையாலேயே. ஆயினும் அம்மூட்டு எல்லா நிலைகளிலும் ஒரே வலிமையுடன் தொழிற்படுவதில்லை. இவ்வுண்மையை வீட்டுப் படியிலேயே சோதித்தறியலாம்.

கைப்பிடியை நன்கு பற்றிக்கொண்டு, முன்பாதங்களைப் படியின் விளிம்பில் ஊன்றிக் குதிகால்களைச் சற்றுத் தாழவிடுவோம். பின்னர் மெல்ல மேலெழுவோம். தொடக்கத்தில் உடல் இலகுவாக உயரும். குதிகால் உச்சியை எட்டும்போதோ கெண்டைக்கால் தளரும்.

இதற்குக் காரணம் யாது? தசையினுள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும், கோத்த கைவிரல்களைப்போல ஒன்றினிடை ஒன்று அமைந்துள்ளன. அவை பொருந்தும் அளவே இழுவிசையின் அளவு. 1966ஆம் ஆண்டில் கோர்டன், ஹக்ஸ்லி, யூலியன் என்னும் அறிஞர் மூவர் தவளையின் தனித்த தசைநார்களில் இதனை அளந்து காட்டினர். நாரின் நுண்கூறு ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 2 பங்கு நீளமளவில் இருக்கும்போது விசை உச்சமாயிற்று, ஏறத்தாழ 3.65 பங்காக நீண்டபோது விசை அற்றுப்போயிற்று. மிகக் குறுகியபோதும் இழைகள் ஒன்றையொன்று நெருக்க, விசை குன்றியது. குதிகால் உயர்கையில் கெண்டைத் தசை குறுகுவதால் நம் காலிலும் அதுவே நிகழ்கின்றது.

முழங்காலுக்கும் இதில் பங்குண்டு. கெண்டையின் மேற்புறத் தசை முழங்காலையும் கடந்து செல்வது. உட்புறத் தசை அவ்வாறன்று. எனவே முழங்காலை மடித்தால் மேற்புறத் தசை தொய்ந்துவிட, உட்புறத் தசையே பெரும்பாரத்தைச் சுமக்கின்றது.

இவ்வறிவு நோயாளர் உள்ள வீட்டில் பெரிதும் பயன்படும். நெடுநாள் படுக்கையிற் கிடப்போரின் பாதம், போர்வையின் பாரத்தாலும் தன் பாரத்தாலும் கீழ்நோக்கிச் சாய்ந்தே இருக்கும். அந்நிலையில் தசை தன்னையே குறுக்கிக்கொள்ளும். 1972இல் வெளியான ஆய்வொன்றில், குறுகிய நிலையில் அசைவின்றிக் கட்டப்பட்ட பூனையின் கெண்டைத் தசை, தன் நுண்கூறுகளில் 40 வீதம்வரை இழந்தது. கட்டினை அவிழ்த்தபின் மீளவும் பெற்றது.

மனிதரிலும் தசையும் மூட்டும் இவ்வாறு இறுகிவிட்டால், நோய் நீங்கியபின்னும் குதிகால் தரையிற் பதியாது, விரல்நுனி இடறும். ஆதலால் பாதம் காலுக்குச் செங்கோணமாக இருக்கும்படி, குதிகாலில் அழுத்தப் புண் தோன்றாவண்ணம், வைத்தியர் கூறும் முறையில் தாங்கல் கொடுப்போம். நாளிற் பலமுறை கணுக்காலை மெல்ல அசைத்துவிடுவோம். கட்டிலருகே நாம் செலவிடும் அச்சில நிமிடங்கள், பாட்டி மீண்டும் முற்றத்தில் நடப்பதற்குத் துணைசெய்யும்.