சோறும் வைக்கோலும் ஒரே சர்க்கரைதான்

டீயில் போட்ட சர்க்கரை இரண்டு கலக்கலில் காணாமல் போகிறது. அதில் நனைத்த பன் குழைந்துவிடுகிறது. வடிகட்டியில் தங்கிய சக்கை மட்டும் எத்தனை முறை கொதித்தாலும் சக்கையாகவே கிடக்கிறது. மூன்றிலும் இருப்பது குளுக்கோஸ். எதனால் ஆனது என்பதைவிட எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்த்தால்தான் மாவுப்பொருள்களின் சங்கதி பிடிபடும்.

குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். நீரில் அது பெரும்பாலும் வளையமாகச் சுருண்டிருக்கும். வளையத்தின் முதல் கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு கொத்து தொங்குகிறது. அது கீழ்ப்பக்கம் இருந்தால் ஆல்ஃபா, மேல்பக்கம் இருந்தால் பீட்டா. தனியாக இருக்கும்வரை குளுக்கோஸ் இந்த இரண்டு நிலைக்கும் மாறி மாறிப் போய்வரும். இன்னொரு குளுக்கோஸோடு கைகோத்துவிட்டால் அந்த நிலை உறைந்துவிடுகிறது.

ஆல்ஃபா நிலையில் கோத்தால் எல்லா வளையங்களும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சங்கிலி மெல்ல வளைந்து சுருளாகிறது. அதுதான் மாவுச்சத்து. பள்ளி ஆய்வகத்தில் சோற்றின் மேல் அயோடின் சொட்டு விட்டதும் கருநீலமாகுமே, அந்தச் சுருளின் உள்ளே அயோடின் போய் அமர்ந்துகொள்வதால் வரும் நிறம் அது. பீட்டா நிலையில் கோத்தாலோ, மல்லிகைச் சரம் தொடுப்பதுபோல, ஒன்று இந்தப் பக்கம் திரும்பினால் அடுத்தது அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. அதனால் சங்கிலி வளையாமல் நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக்கொள்கின்றன. நீர் உள்ளே புகுந்து அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. இது செல்லுலோஸ். பருத்தி நூலில் 90 விழுக்காட்டுக்கு மேல் இதுதான் என்பதால், வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் கரைவதில்லை.

பிரான்சின் அன்செல்ம் பாயென் இந்த இரண்டையும் தொட்டவர். முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் நொதியை 1833-இல் சக வேதியியலாளர் பெர்சோவுடன் சேர்ந்து பிரித்தெடுத்தார். 1838-இல் தாவரங்களிலிருந்து செல்லுலோஸைப் பிரித்து அளந்தபோது, தனிமங்களின் விகிதம் மாவுச்சத்தினுடையதாகவே இருந்தது. அளவு ஒன்று, குணம் வேறு. இந்தப் புதிரின் பெரும்பகுதியை 1920-களில் வால்டர் ஹாவொர்த் போன்ற வேதியியலாளர்கள் அவிழ்த்தார்கள். ஹாவொர்த்துக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே நெற்பயிரில் நாம் மணியைத் தின்கிறோம், மாடு வைக்கோலைத் தின்கிறது. நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே வெட்டும். பீட்டா பிணைப்பில் அதற்குப் பிடி கிடைக்காது. வைக்கோலின் செல்லுலோஸை வெட்டும் நொதியை மாடும் சொந்தமாகச் சுரப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. நமக்குச் செல்லுலோஸ் உணவாகாவிட்டாலும் வீணில்லை. நார்ச்சத்தாகக் குடலை இயங்க வைக்கிறது.

நம் உடலும் குளுக்கோஸைக் கோத்துச் சேமிக்கிறது. அதன் பெயர் கிளைக்கோஜன். பிணைப்பு ஆல்ஃபாதான், ஆனால் மாவுச்சத்தைவிட நெருக்கமாகக் கிளைவிட்டிருக்கும். கிளை அதிகமென்றால் நுனியும் அதிகம். நுனிகளிலிருந்துதான் குளுக்கோஸைக் கழற்ற வேண்டும் என்பதால், அவசரத்துக்கு ஒரே சமயத்தில் ஏராளமாகக் கழற்றிக்கொள்ளலாம். கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். நாம் தூங்கும்போது இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. தசையில் இருப்பது இதைவிடப் பல மடங்கு. ஆனால் அதைத் தசை தனக்கே செலவழிக்குமே தவிர, இரத்தத்துக்குக் குளுக்கோஸாகத் திருப்பித் தராது.

சர்க்கரை என்றாலே எரிபொருள் என்ற எண்ணம் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் நம் இரத்த வகையே சர்க்கரையால் எழுதப்பட்டது. சிவப்பணுக்களின் மேல் குட்டையான சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நுனியில் காலக்டோஸ் ஒன்று கூடுதலாக இருந்தால் ‘பி’ வகை. அதே காலக்டோஸில் நைட்ரஜன் கொண்ட சிறு கொத்து ஒட்டியிருந்தால் ‘ஏ’ வகை. இவ்வளவு சின்ன வேறுபாட்டையும் உடல் கண்டுகொள்கிறது. மாற்றி ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ‘ஓ’ வகையில் அந்தக் கடைசிச் சர்க்கரை இரண்டுமே இல்லை. வகை பார்க்க நேரமில்லாத அவசரத்தில் மருத்துவர்கள் ‘ஓ நெகட்டிவ்’ சிவப்பணுக்களைக் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.