உணவை மறுத்தவள் எழுதுகோலை எடுத்தாள்



தட்டில் இட்ட சோற்றைப் பிள்ளை நாள்தோறும் ஒதுக்கும்போது, "திமிர்" என்று கடிந்துகொள்கிறோம். அல்லது "உபவாசம் இருக்கிறாள்" என்று மகிழ்ந்துவிடுகிறோம். இரண்டும் அல்லாத ஒரு நோய் உண்டு. மருத்துவர்கள் அதனை அனோரெக்சியா நெர்வோசா என்பர். எலும்பு தெரிய மெலிந்த பின்னும், பருத்துவிடுவேனோ என்னும் அச்சம் நோயாளியை விடாது. மாதவிலக்கு நின்றுபோகலாம், இருதயத் துடிப்பு குறையலாம், உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளுக் அம்மையாரின் வாழ்வைச் சற்று நோக்குங்கள். அவர் 1943-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். அதற்கு முன்பே அவருடைய பெற்றோர் தங்கள் மூத்த மகளை இழந்திருந்தனர். தாம் ஒருபோதும் கண்டிராத அக்காளின் வெறுமை நிறைந்த வீட்டில் அவர் வளர்ந்தார். பதின்பருவத்தில் உணவை மறுக்கத் தொடங்கினார். தாயினின்று விலகித் தனித்து நிற்பதற்கான முயற்சியே அது என்று பிற்காலத்தில் விளக்கினார். அவர் மரிக்க விரும்பவில்லை. உடலோ மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

பள்ளியின் இறுதியாண்டில் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை தொடங்கிற்று. ஏழு ஆண்டுகள் நீடித்தது. சிந்திக்கக் கற்பித்தது அச்சிகிச்சையே என்று அவர் சாட்சி கூறினார். முழுநேரக் கல்லூரிப் படிப்பு இயலாதபடியால், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கவிதை வகுப்புகளில் சேர்ந்தார். 1968-இல் முதல் நூல் வெளிவந்தது. பசியைக் குறித்தும் எழுதினார். 1990-இல் வெளியான 'அரராத்' என்னும் நூலில் தந்தையின் மரணத்தையும் குடும்பத்தின் துக்கத்தையும் மறைக்காமல் பாடினார். 1993-இல் புலிட்சர் பரிசும், 2020-இல் நோபல் பரிசும் அவரைத் தேடிவந்தன. 2023-இல் தமது 80-ஆம் வயதில் மறைந்தார்.

ஒவ்வொரு கவளத்தையும் மறுத்த பிடிவாதம், வேண்டாத ஒவ்வொரு சொல்லையும் நீக்கும் உழைப்பாக மாறிற்று எனலாம். ஆயினும் கவிதை மட்டுமே அவரைக் குணமாக்கவில்லை. சிகிச்சை உயிரைக் காத்தது. படைப்பு அந்த உயிருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது.

மும்பையிலோ பெங்களூரிலோ டில்லியிலோ வாழும் நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஊரில் பாட்டி இறந்தால் ரயிலேறிச் சென்று, அடக்கம் முடித்து, நான்காம் நாள் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். பிள்ளையின் துக்கத்தை யார் கேட்டார்கள்?

ஆகையால் உடலைக் கேலி செய்யாதிருங்கள். மெலிவு தொடருமானால் ஜெபியுங்கள். தாமதியாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரை நாடுவது அவிசுவாசம் அன்று. 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சிகிச்சையோடுகூட ஒரு நோட்டுப் புத்தகமோ, வண்ணப் பெட்டியோ, தையல் நூலோ பிள்ளையின் கையில் கொடுங்கள். அவள் செய்வதற்கு மதிப்பெண் இடாதீர்கள்; விருந்தினருக்குக் காட்டும்படி வற்புறுத்தாதீர்கள்.

இறந்தவரின் பெயரை வீட்டில் தயங்காமல் சொல்லுங்கள். பெரியவர்கள் பேசினால், பிள்ளைகளும் பேசத் துணிவார்கள்.