நரி முகத்தில் விழிக்க ஆசையா?

நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அதற்காகச் சென்னைவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடையாறை அடுத்த கிண்டிக் காட்டிலேயே நரிகள் வாழ்கின்றன!

பாசமுள்ள குடும்பம்

நரி தந்திரக்காரன் என்பது கதை. ஆனால், வளைக்குள் அது பாசக்காரன்.

ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்க்கின்றன. குட்டிகள் கண் திறக்கச் சுமார் 10 நாள் ஆகும். கொஞ்சம் வளர்ந்ததும், தாயும் தகப்பனும் இரையை வயிற்றில் சுமந்து வந்து, கக்கி ஊட்டும். சில குடும்பங்களில் முந்திய ஈற்றுக் குட்டிகள் தம்பி தங்கைகளுக்குக் காவல் இருக்கும்.

படம் பிடிக்கலாமா?

இதைப் படம் பிடிக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வளையை நெருங்கினால் ஆபத்து. மனிதனுக்கு அல்ல, குட்டிகளுக்கு!

தொந்தரவு என்று கண்டால், தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போய்விடும். வழியில் நாய்கள் வந்தால் குட்டிகளின் கதி என்ன?

ஆகவே வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். எட்ட நிற்க வேண்டும். நம் வாடை வளைப் பக்கம் போகாதபடி, காற்றுக்கு எதிரே நிற்க வேண்டும். அசையக் கூடாது. தூரத்துப் பொருளைக் கிட்டே காட்டும் லென்ஸால்தான் எடுக்க வேண்டும்.

மயிலாப்பூர்க்காரர்

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைப் படம் எடுப்பதில் மன்னர். எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காமிராவைவிட அவருக்குப் பெரிய மூலதனம், பொறுமை!

நரி முகத்தில் நாம் விழிக்கலாம். நம் முகத்தில்தான் நரி விழிக்கக் கூடாது!