வௌவால் ரத்தத்தில் பழைய தடயம்

தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களிலும் புதுச்சேரியிலும் உள்ள பழந்தின்னி வௌவால்களிடம் நிபா வைரஸின் தடயம் இருப்பதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொன்னது. அதைப் படித்ததும் வௌவாலுக்கெல்லாம் நிபா பிடித்திருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஆய்வில் கிடைத்தது வைரஸ் அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவருக்கு எப்போதோ அம்மை போட்டிருந்தது என்று அறியலாம். அவரிடமிருந்து இன்று அம்மை தொற்றாது. எதிர்ப்பொருளும் அப்படித்தான்.

இந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்க முதலில் வௌவாலைப் பிடித்தாக வேண்டும். இரை தேடிப்போன வௌவால்கள் விடியுமுன் மரத்துக்குத் திரும்பும். அந்த நேரம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையை உயரத்தில் கட்டிவைக்கிறார்கள். சிக்கியதைத் துணிப்பையில் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, இறக்கையின் ரத்தநாளத்தில் சிறிதளவு ரத்தம் எடுப்பார்கள். தொண்டையிலும் மலவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தபின், மயக்கம் தெளிந்ததும் பறக்கவிடுவார்கள். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. மரத்தடியில் பாலித்தீன் விரித்துச் சிறுநீரைச் சேகரிப்பதும் உண்டு. இதற்கு வௌவாலைத் தொடவே வேண்டாம்.

ஆய்வகத்தில், வைரஸின் புரதம் பூசிய தட்டில் ரத்தநீரை ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். சிக்கல் என்னவென்றால், மனிதருக்கென்று செய்த சோதனைப்பெட்டி மனித எதிர்ப்பொருளைத்தான் அடையாளம் காணும். அதனால் பல பாலூட்டிகளின் எதிர்ப்பொருளோடும் ஒட்டக்கூடிய பாக்டீரியாப் புரதத்தை வௌவாலுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் குழப்பம் வரலாம்: ஆஸ்திரேலியாவின் ஹெண்ட்ரா போன்ற நெருங்கிய உறவுள்ள வைரஸுக்கு உண்டான எதிர்ப்பொருளும் நிபா புரதத்தில் ஒட்டும். உறுதிசெய்ய வேண்டுமென்றால் உயிருள்ள வைரஸோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருப்பதுபோல உச்சபட்சப் பாதுகாப்பு கொண்ட ஆய்வகம் தேவை. குட்டியிடம் எதிர்ப்பொருள் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம்.

எந்த வௌவாலைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, நோய் கண்ட வீட்டுக் கிணற்றிலிருந்த வௌவால்களைத்தான் முதலில் சோதித்தார்கள். அவை பூச்சி தின்பவை, எதுவும் கிடைக்கவில்லை. பிறகு பிடித்த 52 பழந்தின்னிகளில் 10-இல் வைரஸின் மரபுப்பொருளே கிடைத்தது. இது பழைய தடயமல்ல, அப்போதைய தொற்று. செய்தி படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அப்படியானால் பழைய தடயத்தால் என்ன பயன்? வங்கதேசத்தின் ஃபரித்பூரில் ஆண்டுக்கணக்கில் வௌவால்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கூட்டத்தில் எதிர்ப்பொருள் உள்ளவற்றின் விகிதம் ஒரே அளவில் நிற்பதில்லை. மூத்தவற்றுக்கு எதிர்ப்பாற்றல் தேய்கிறது, தொற்றே காணாத குட்டிகள் சேருகின்றன; விகிதம் தாழ்ந்த பிறகு வைரஸ் மறுபடி சுற்றுகிறது, விகிதமும் ஏறுகிறது. ஆகவே ஒருமுறை எடுத்த எண்ணிக்கையைவிட, அது இறங்கிவருகிறதா என்பதுதான் எச்சரிக்கை. அதை அறிய அதே மரங்களுக்கு வலையோடு மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கிறது.