கொசுவலைக்குள் உறங்கும் கிளிமீன்

ராமேசுவரத்தில் மீன் வாங்கப்போன வாசகர் ஒருவர், நீலமும் பச்சையுமாய்க் கிடந்த மீனைப் பார்த்து, 'சாயம் பூசி விற்கிறார்களா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். சாயமில்லை, அது கிளிமீனின் சொந்த நிறம். பல இனங்களில் பழுப்பும் சாம்பலுமாய்ப் பெண்ணாக வாழ்ந்த மீன், பிற்பாடு ஆணாக மாறும்போது இந்த நிறம் ஏறும். அலகு போலிருப்பது நெருக்கமாய் இறுகிய பற்கள். அதனால் பவளப்பாறையைச் சுரண்டி, தொண்டைப் பற்களால் அரைத்து, சத்தை எடுத்துக்கொண்டு மீதியை வெண்மணலாகக் கழித்துவிடும். மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றிப் புதிதாய் உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் இந்த மீன் கழித்ததுதான் என்கிறது 2015இல் வெளியான ஓர் ஆய்வு.

என்னை மயக்குவது அது தூங்கும் விதம். இருட்டியதும் பாறை இடுக்கில் ஒதுங்கி, சில இனங்கள் வாய்வழியே கோழையைக் கக்கத் தொடங்கும். செவுள் அறைச் சுரப்பிகளில் ஊறுவது அது. கொஞ்சம் கொஞ்சமாய்ப் பரவி, சுமார் ஒரு மணி நேரத்தில் தலை முதல் வால் வரை கண்ணாடிப் பை போல மூடிக்கொள்ளும். நீர் வந்துபோக முன்னும் பின்னும் திறப்பு உண்டு. உள்ளே மீன் அசையாமல் கிடக்கும்.

விலாங்கு மோப்பம் பிடிக்காமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரா கிரட்டர் குழுவினர் 2010இல் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள். உறையை நீக்கிய மீன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், ரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகளிடம் கடிபட்டன. உறையோடு இருந்தவற்றில் பத்துக்கு ஒன்றுதான். வாய்க்காலோரம் இருந்த எங்கள் வீட்டில் பாட்டி விளக்கு வைத்த கையோடு கொசுவலையைக் கட்டி, ஓரத்தையெல்லாம் பாய்க்கடியில் செருகிவிடுவார். அதே காரியம்தான் இதுவும்.

ஆனால் அந்த வலை டார்ச்சையும் ஈட்டியையும் தடுக்காது. பசிபிக் தீவுகளில் இரவில் முக்குளித்து, தூங்கும் கிளிமீன்களைக் குத்தியெடுத்தே, நெற்றி புடைத்த பெரிய இனத்தைப் பல இடங்களில் அரிதாக்கிவிட்டார்கள். பெலீசு நாடு 2009இல் கிளிமீன் பிடிக்கவே தடை போட்டது. நம் மன்னார் வளைகுடாவிலோ சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகளைக் கடலுக்குள் விட்டோம். 2001 முதல் பவளத்துக்குச் சட்டக் காவல் இருக்கிறது. பாறையில் படரும் பாசியை மேய்ந்து, புதுப் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் விடுகிற கிளிமீனையும் அந்தக் காவலுக்குள் கொண்டுவர வேண்டும்.