கம்ப்யூட்டரில் 'பைப் லைன்' போடுவது எப்படி? பிளம்பிங் தெரிந்தவர்களுக்கு கை கொடுக்கும் சாப்ட்வேர்

திருவொற்றியூர்,

குழாய் வேலை என்றாலே ரெஞ்சும், ஹேக்சா பிளேடும்தான் என்ற காலம் மலையேறி வருகிறது. பெரிய கட்டிடங்களில் பைப்பை சுவரில் பொருத்தும் முன்பே, அதை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து விடுகிறார்கள். இதற்கு அதிகம் பயன்படும் சாப்ட்வேர்களில் ஒன்று 'ரெவிட்'.

டோல்கேட், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை பகுதிகளில் துறைமுகத்தையும், எண்ணூர், மணலி தொழிற்சாலைகளையும் நம்பி பைப் பிட்டர், வெல்டர் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். இந்த வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு ரெவிட் படித்தால், மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கலாம். காரணம், இந்த சாப்ட்வேருக்கு பைப் பற்றி நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

கோடு அல்ல, குழாய்

1997-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு சிறு கம்பெனி உருவாக்கியது ரெவிட். 2002-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. அதே நிறுவனத்தின் ஆட்டோகேடில் வழக்கமாக போடுவது வெறும் கோடு. ரெவிட்டில் போடுவது நிஜ பைப் போலவே விட்டம், உயரம், சரிவு எல்லாம் கொண்டது. பைப் எத்தனை மீட்டர், எல்போ எத்தனை என்ற கணக்கையும் அதிலிருந்தே எடுக்கலாம்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந்தேதி வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் மெட்ரோ ரெயில் பாதை திறக்கப்பட்டது. டோல்கேட் ஸ்டேஷன் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. இது போன்ற கட்டிடத்தில் குடிதண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு பைப்புகளோடு கரண்டு கேபிளும் ஒரே சீலிங்குக்கு மேலே ஓட வேண்டும். எது எங்கே போகிறது என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால் சிக்கல்தான்.

முதல் வேலை என்ன?

புதிதாக படிப்பவர்கள் திறந்ததும் பைப் இழுக்க ஆரம்பித்து விடுகிறார்கள். அங்கேதான் கோளாறு. முதலில் ஆர்க்கிடெக்ட் கொடுத்த கட்டிட மாடலை இணைத்து, மாடிகளின் உயரத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து பைப் சைஸ். ரெவிட்டோடு வரும் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க முறைப்படி இருக்கும். நம்மூர் சைஸ்களை நாமே சேர்க்க வேண்டும். கடையில் 'அரை இன்ச் பைப் கொடுங்க' என்று கேட்டால் ஜி.ஐ. பைப்பும் உண்டு, சி.பி.வி.சி. பைப்பும் உண்டு. ஆனால் ஜி.ஐ.யின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. சி.பி.வி.சி.க்கு 15.9 மி.மீ.தான். 'நாலு இன்ச்' கழிவுநீர் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 110 மி.மீ. அதே நாலு இன்ச் ஜி.ஐ.க்கு 114.3 மி.மீ. பெயர் ஒன்று, அளவு வேறு. ஐ.எஸ். தர அட்டவணையைப் பார்த்து சைஸ் ஏற்றுவதே சரி. ஜி.ஐ.க்கு ஐ.எஸ். 1239, சி.பி.வி.சி.க்கு 15778, கழிவுநீர் பி.வி.சி.க்கு 13592.

எல்போ இல்லாவிட்டால் திரும்பாது

மூன்றாவது, 'ரூட்டிங் பிரிபரன்ஸ்'. ஒவ்வொரு பைப் வகைக்கும் எந்த எல்போ, எந்த டீ, எந்த ரெடியூசர் என்று இங்கே எழுதி வைக்க வேண்டும். அவற்றை முன்பே லோடு செய்திருக்கவும் வேண்டும். எல்போ கொடுக்காமல் விட்டால், பைப் மூலையில் திரும்பாமல் எச்சரிக்கை வரும். சாப்ட்வேர் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். கழிவுநீர் லைன் படுக்கையில் போகும் இடத்தில் சாதா டீ போட்டால் அடைப்பு வரும், 'ஒய்' போட வேண்டும் என்பது பிளம்பருக்குத் தெரியும். சாப்ட்வேருக்குத் தெரியாது. நாம் எதைக் கொடுக்கிறோமோ, அதையே போடும்.

நான்காவது, தண்ணீர் வகை. குடிதண்ணீர், வெந்நீர், கழிவுநீர், காற்றுக்குழாய் என தனித்தனியாக பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

சரிவை மறக்காதீங்க

ஐந்தாவதுதான் முக்கியம். நாலு இன்ச் கழிவுநீர் பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு பழக்கத்தில் உள்ள கணக்கு. அதாவது 4 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். ரெவிட்டில் இதை 2.5 சதவீதம் என்று சேர்த்து, பைப் இழுக்கும்போது அதைத் தேர்வு செய்ய வேண்டும். மறந்தால் பைப் தட்டையாகவே போகும். 10 மீட்டர் ஓட்டத்தில் 25 செ.மீ. இறங்கும் என்பதால், வழியில் பீம் குறுக்கே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மோதலை கண்டுபிடிக்க தனி வசதியே இருக்கிறது. கம்ப்யூட்டரில் மோதினால் மவுசால் நகர்த்தி விடலாம். கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்தால் கோர் கட்டிங் மெஷினைக் கொண்டு வந்து துளை போட வேண்டும். அதிலும் பீமில் துளை போட்டால் கட்டிடத்தின் பலமே போய்விடும்.

பைப் போட்டும் திரையில் தெரியவில்லையா? பதற வேண்டாம். அந்த மாடியில் எந்த உயரம் வரை தெரிய வேண்டும் என்ற 'வியூ ரேஞ்ச்' அளவை மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன்...

'ரெவிட் எல்.டி.' என்ற விலை குறைந்த பதிப்பில் பைப் போடும் வசதி கிடையாது. புது பதிப்பில் சேமித்த பைல் பழைய பதிப்பில் திறக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் படிக்கும் மாணவர்களுக்கு ஓராண்டு இலவசம், தகுதி இருந்தால் புதுப்பிக்கலாம். மற்றவர்களுக்கு சோதனைப் பதிப்பு உண்டு. எனவே கோர்ஸில் சேரும் முன், மேலே சொன்ன ஐந்தையும் சொல்லித்தருவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கு பெரிய கட்டிடம் தேவையில்லை. சொந்த வீட்டு பாத்ரூமை டேப் பிடித்து அளந்து, மொட்டை மாடி டேங்க் முதல் நானி ட்ராப் வரை போட்டுப் பார்த்தாலே பாதி வேலை பிடிபட்டுவிடும்.